இராசுவா, போவாஸா

ஹன்னியாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு கிளம்பியது. அந்த நாட்டில் மழை ஓய்ந்து கோடை பிறக்கிற ஜனவரி. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. நாடே எங்காவது கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. மாட்டிறைச்சியும் மரவள்ளியும் சோளக் கதிரும் போட்டுக் கொதிக்க வைத்த சட்டி மேஜை நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்," என்றான் மகன் கிரெய்வின். அலஹுவேலா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவான். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு யோசனையோடு வருவான். "மூணு மாசமா இந்தச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரே சொன்னாருல்ல? போவாஸுக்குப் போவோம். எரிமலை வாய் வரைக்கும் சக்கர நாற்காலி போகும். விசாரிச்சுட்டேன்."

"போவாஸா?" மகள் யோர்லெனி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்த வீட்டில் இருப்பவள். அம்மாவைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. "அந்தக் கந்தகப் புகையில அம்மாவைக் கொண்டு போய் உக்கார வைக்கப் போறியா? போறதுக்கே ரெண்டு மூணு மணி நேரம். நடுவுல பாத்ரூம் வந்தா நீயா தூக்குவ? பெரிய ஆளு! இராசு இருக்கு, அரை மணி நேரத்துல போயிரலாம்."

"இராசு நம்ம கொல்லைப்புறம்க்கா. கொல்லைப்புறத்துக்கு யாராவது சுற்றுலா போவாங்களா?"

சரியாகச் சொன்னான் என் பிள்ளை என்று ஹன்னியா நினைத்துக்கொண்டாள். நினைக்க மட்டும்தான் முடிந்தது.

புத்தி பத்திரமாக இருந்தது அவளுக்கு. யார் என்ன பேசினாலும் விளங்கியது. சொல்ல வேண்டியதும் உள்ளே முழுசாக இருந்தது. அது தொண்டை வரை வந்து, வாய்க்குள் நுழைகிற இடத்தில் எங்கோ வழி தவறிப் போய்விடும். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையோ போல. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்துகளும் வழி தவறிப் போயின. மூன்று மாதமாக அவள் வாயிலிருந்து தெளிவாக வந்தது ஒரே ஒரு சொல். அது 'இராசு'. பசித்தாலும் இராசு, குளிர்ந்தாலும் இராசு, கணவன் எவேலியோவைக் கூப்பிட வாயெடுத்தாலும் இராசு.

அந்தச் சொல் அவள் நாக்கில் குடியேறியதற்குக் காரணம் இருந்தது. தியெரா பிளாங்காவிலிருந்து இராசு எரிமலைக்கு ஏறுகிற சாலையோரம், தகரக் கூரை போட்ட கடை ஒன்றை அவள் இருபத்தாறு வருஷம் நடத்தினாள். வெல்லத் தண்ணீர், சோள அடை, மேலே ஒரு கரண்டி பாலாடை. ஏறுகிற வண்டிகளை எல்லாம் கையைக் காட்டி நிறுத்துவாள். "இராசுவுக்கா? சீக்கிரம் போங்க, ஒன்பது மணிக்கு மேகம் வந்து கதவைச் சாத்திரும். இராசு மாதிரி ஒண்ணு உலகத்துலயே கிடையாது. சாப்பிட்டுப் போங்க, மேல குளிரு எலும்பைக் கடிக்கும்." வாய்க்காரி என்று பேர் வாங்கியவள். அவள் இருக்கிற இடத்தில் வானொலி தேவையில்லை என்பார்கள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் எவேலியோ ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அவன் ஆரம்பிப்பான், அவள் முடித்துவிடுவாள்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் போவாஸைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஹன்னியா சண்டைக்கு நிற்பாள். "பால் கொதிக்கிற சட்டியைப் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க? என் அடுப்புக்கு வந்திருக்கலாமே!" என்பாள். இராசு இருக்கிற கர்த்தாகோ பக்கத்துக்காரிக்கு அலஹுவேலாக்காரர்களின் எரிமலையைப் புகழ்ந்தால் பொறுக்குமா?

ஆனால் ஒரு வருஷம், லிமோனிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி அடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணரை மணி நேரம் வெறும் பனிமூட்டம்தான். போயிரலாம்னு திரும்பினோம். சட்டுனு விலகிச்சு. நாலு நிமிஷம் இருக்கும். கீழ அந்தத் தண்ணியோட நீலம் இருக்கே... எனக்கு அழுகை வந்துருச்சு. ஏன்னு இன்னும் தெரியல." அவள் அதைச் சொல்லும்போதே மறுபடி கண் நிறைந்தது. ஹன்னியா கேலி பேசவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆசை அவளுக்குள் நுழைந்தது. யாரிடம் சொல்வது? இராசுவுக்காக அத்தனை வருஷம் கத்தியவள், போவாஸ் பார்க்க ஆசை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். அறுபதாவது பிறந்தநாளன்று பல் டாக்டரிடம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். பிறந்தநாள் நவம்பரில். பக்கவாதம் அக்டோபரில் வந்தது.

ஆக, அவள் மனசு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"இதுல நாம சண்டை போடுவானேன்?" என்றான் கிரெய்வின். "அம்மாகிட்டயே கேப்போம். போறது அவங்கதானே." நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். "அம்மா, எங்க போகலாம்? போவாஸா, இராசுவா?"

ஹன்னியா மூச்சை இழுத்துப் பிடித்தாள். உதட்டைச் சேர்த்து வைக்க வேண்டும், அப்புறம் திறக்க வேண்டும், அவ்வளவுதான். மேஜையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இராசு," என்றாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் யோர்லெனி.

"இராசு! இராசு!" ஹன்னியா தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்ட நினைத்தாள். தலை எந்தப் பக்கம் ஆடியது என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"இரு அக்கா, அவங்க எதுக்கெடுத்தாலும் இராசுன்னுதானே சொல்றாங்க. நேத்து சூப்பு கேட்டதுக்கும் அதானே?" கிரெய்வின் கைப்பேசியை எடுத்து இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தான். "அம்மா, பேச வேண்டாம். கையை மட்டும் வையுங்க."

ஹன்னியாவுக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இடது கையைத் தூக்கினாள். நீலக் குளம் இருந்த படத்தின்மேல் விரலை அழுத்தி வைத்தாள். அழுத்தியதில் படம் பெரிதாகித் திரை முழுக்க நீலமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இராசு!"

"பாவம், படம் அடையாளம் தெரியல," என்றான் எவேலியோ. மூன்று மாதமாக எல்லோரும் அவனிடம்தான் 'அம்மா என்ன சொல்றாங்க' என்று கேட்டார்கள். பேசிப் பழகாத மனுஷன், கேட்டுக் கேட்டு இப்போது உறுதியாகவே பேச ஆரம்பித்திருந்தான். "ரெண்டும் குழிதானே, ரெண்டுலயும் தண்ணிதானே? அவளுக்கு இராசுதான் உசிரு. எனக்குத் தெரியாதா என் கிழவியை?"

தெரியாது, தெரியாது, மடையா, உனக்கு ஒன்றும் தெரியாது! ஹன்னியா மேஜையைக் குத்தினாள். காப்பிக் கோப்பை உருண்டு கிரெய்வினின் கால்சட்டையில் கொட்டியது.

"போதும், படுத்தாதீங்க அவங்களை," என்றாள் யோர்லெனி, துணியை எடுத்துக்கொண்டு. "களைச்சுப் போயிட்டாங்க."

அந்த வாரம் முழுக்க ஹன்னியா ஒரே வேலையாக இருந்தாள். உதட்டைச் சேர்த்தாள், திறந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷீனியா என்ற பெண் செவ்வாய்க்கிழமை அவள் கன்னத்தில் விரல் வைத்து, கண்ணாடி காட்டி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது வாசலில் யோர்லெனியிடம் சொல்லிவிட்டுப் போனாள். "அவங்க வாயை நம்பாதீங்க. அந்த ஒரு சொல்லு அதுவா வருது. கையும் கண்ணும் என்ன சொல்லுதுன்னு பாருங்க." யோர்லெனி தலையாட்டினாள். அவளுக்கு உலையில் சோறு இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வந்துவிட்டது. "போ..." என்றாள் ஹன்னியா. "போ... போ..."

எவேலியோ கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "யோர்லெனி! இங்க வா! உங்கம்மா புதுசாச் சொல்றா!"

"போ... போ..." வியர்த்து வழிந்தது அவளுக்கு.

அந்த ஊரில் கோழிக்குப் 'போயோ' என்று பேர். "போயோ!" என்று கத்தினாள் யோர்லெனி, கண் கலங்க. "கோழி கேக்கறாங்கப்பா! அம்மாவுக்குக் கோழி வேணுமாம்!"

அன்றைக்குக் கோழிச் சோறு. மறுநாள் கோழிக் குழம்பு. சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி சந்தோஷச் செய்தி கேட்டு ஒரு முழுக் கோழியைப் பொரித்துக் கொண்டுவந்தாள். ஹன்னியா வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாளும் எவேலியோ பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினான். "நீதானே கேட்ட? இப்ப வேண்டாம்கிற. ஒரு வாய், எனக்காக."

அந்த ஞாயிறே விடுப்பு வாங்கிக்கொண்டு, காலை ஐந்தரைக்குக் கிரெய்வின் வண்டியோடு வந்துவிட்டான். இராசுவுக்கு நுழைவுச்சீட்டு எடுத்தாயிற்று. யோர்லெனி அவளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, தலையில் குல்லா மாட்டி, உதட்டில் கொஞ்சம் சாயம்கூடத் தடவினாள். வண்டியில் ஏற்றும்போது ஹன்னியா கதவைப் பிடித்துக்கொண்டாள். எவேலியோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாக, விடுவித்தான். "பயப்படாதே. நாங்க எல்லாரும் இருக்கோம்."

அவர்கள் எல்லோரும் இருப்பதுதான் தொந்தரவு என்பதை எப்படிச் சொல்ல?

மேலே போனபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இராசு தன் முழு அழகையும் காட்டியது. கறுப்பு மணல் வெளி, செங்குத்துப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். நீள மூக்குப் பிராணி ஒன்று யோர்லெனியின் பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட, கிரெய்வின் அதைத் துரத்தினான். வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஹன்னியாவைத் தள்ளிக்கொண்டு போய் வேலியை ஒட்டி நிறுத்தினார்கள்.

"அம்மா, பாருங்க! உங்க இராசு!"

ஹன்னியா பார்த்தாள். இதைப் பார்க்கவா மூன்று மாதத்துக்குப் பிறகு கிளம்பினோம் என்று நினைத்தாள். இந்தப் பள்ளத்தின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரியும். நாற்காலியைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தன்னால் முடியவில்லையே என்ற ஆத்திரம், போக வழி இல்லாமல், கண்ணில் வந்து நின்றது. கண்ணீர் கட்டுக்கடங்காமல் கொட்டியது.

"அழறாங்க பாரு," என்றாள் யோர்லெனி தழுதழுத்து. "சந்தோஷத்துல அழறாங்க. படம் எடு, படம் எடு!"

எவேலியோ கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்து, பக்கத்தில் குனிந்து சிரித்தான். கிரெய்வின் ஏழெட்டுப் படம் எடுத்தான்.

திரும்பும்போது, ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கிற உச்சிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றான் கிரெய்வின். அங்கிருந்து மேற்கே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. தூரத்தில் பார்வா மலை நீண்டு கிடந்தது. அதற்குப் பின்னாலிருந்து, விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒரு புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

ஹன்னியா எவேலியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். புகையைக் காட்டினாள்.

"ஆமா, அது போவாஸ்," என்றான் எவேலியோ. "தெளிவான நாள், இங்க வரைக்கும் தெரியுது."

அவன் கையில் அடித்தாள். மறுபடி காட்டினாள். தன் நெஞ்சைத் தட்டினாள். மறுபடி புகையைக் காட்டினாள். வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். திறந்தால் அந்தப் பாழாய்ப்போன சொல் வெளியே குதித்துவிடும் என்று தெரியும்.

எவேலியோ அவள் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் கண்ணைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வற்றியது.

"இவ அங்க போகணும்னு சொல்லியிருக்கா," என்றான் மெதுவாக. "முதல்ல இருந்து அதைத்தான் சொல்லியிருக்கா. போ, போன்னு... யோர்லெனி, அது கோழி இல்ல."

ஹன்னியா கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம்.

"அந்த ஷீனியாப் பொண்ணு சொல்லுச்சு, வாயை நம்பாதீங்கன்னு," என்றாள் யோர்லெனி. குரல் உடைந்திருந்தது. "எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான். ஆனா அவ்வளவு தூரம் இவங்களைக் கொண்டு போக எனக்குத் தெம்பு இல்ல. நானும் மனுஷிதானே? இராசுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹன்னியாவுக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. அவள் கையைப் பிடித்து, கோபமில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்கும் வழியில்லை. நல்ல கை யோர்லெனிக்கு மறுபக்கம் இருந்தது.

கிரெய்வின் அங்கேயே நின்று கைப்பேசியில் போவாஸுக்குச் சீட்டுத் தேடினான். விடுமுறை ஞாயிறுகள் எல்லாம் நிரம்பிவிட்டிருந்தன. கடைசியில் பிப்ரவரி பத்தொன்பது, ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு நான்கு இடம் கிடைத்தது. வேலைக்கு விடுப்புச் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அன்றிலிருந்து எவேலியோ சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டான். ஹன்னியா நன்றாகச் சாப்பிட்டாள். சனிக்கிழமை ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பதினாறாம் தேதி காலை, போவாஸ் சாம்பல் கக்கியது. வானொலியில் சொன்னார்கள். மறு அறிவிப்பு வரும்வரை பூங்காவை மூடிவிட்டார்களாம். கிரெய்வின் தொலைபேசியில் கூப்பிட்டான். யோர்லெனி அதை ஹன்னியாவின் காதில் வைத்தாள்.

"அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்மா. எரிமலை எங்க ஓடிப் போகப் போவுது?"

எரிமலை ஓடாது. இன்னொரு தடவை ரத்தக்குழாய் அடைத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் நடைவழியில் நின்று யோர்லெனியிடம் சொன்னதை ஹன்னியா கேட்டிருந்தாள். அவளுக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

பத்தொன்பதாம் தேதி விடிந்ததும் எவேலியோ அவளை எழுப்பினான். யாரையும் கூப்பிடவில்லை. அவனே சட்டை மாட்டிவிட்டான், பொத்தான் ஒன்று மாறிப் போயிற்று. உருளைக்கிழங்கு ஏற்றுகிற பழைய வண்டியின் முன்னிருக்கையில் அவளைத் தூக்கி வைத்து, சாயாமல் இருக்கப் பக்கத்தில் சாக்கை மடித்துச் சொருகினான்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வருஷம் வெங்காயத்தில் நோய் விழுந்தது, வண்டியின் பிரேக் இழுப்பது, கல்யாணத்தன்று அவள் அண்ணன் தன் கால்செருப்பை ஒளித்து வைத்தது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். "யாராவது ஒருத்தர் பேசணுமில்ல?" என்றான். அலஹுவேலா தாண்டி மேடேறியபோது சாலையோர ஸ்ட்ராபெர்ரிக் கடைகள் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மூடியிருந்தன. கந்தக வாடை கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வந்தது.

ஒரு குறுகலான வளைவுக்கு மேலே தடுப்புக் கட்டை போட்டிருந்தது. முகமூடி அணிந்த காவல்காரப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள்.

"பூங்கா மூடியிருக்குங்க ஐயா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"என் வீட்டுக்காரிக்குப் பாக்கணும்."

அவள் குனிந்து ஹன்னியாவைப் பார்த்தாள். மாறிப் போயிருந்த பொத்தானையும் மடியில் கிடந்த கையையும் பார்த்தாள். குரல் இறங்கியது. "யாராலயும் பாக்க முடியாதுங்க. எனக்கே மேல போக அனுமதியில்ல."

"எப்போ திறப்பீங்க?"

"அதை மலைகிட்டதான் கேக்கணும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம்."

"கொஞ்ச நேரம் இங்கயே நிக்கிறோம். ஒருவேளை பனி விலகினா..."

"விலகினாலும் இங்கேருந்து மலை முதுகுதான் தெரியும். வாய் தெரியாது." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள் போல ஒதுங்கி நின்றாள். "சரி, கொஞ்ச நேரம். காத்து திரும்பினா கிளம்பிரணும்."

கண்ணாடியை இறக்கிவிட்டான் எவேலியோ. முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரிப் பனி. அதற்குள் சாலை பத்தடி போய்க் காணாமல் போயிற்று. மேலே எங்கோ கனமான கதவு ஒன்றைச் சாத்துகிற மாதிரி ஓர் ஓசை கேட்டது. ஹன்னியா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆசிரியை ஒன்றரை மணி நேரம் நின்றாள் என்பது ஞாபகம் வந்தது. தானும் நிற்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வெள்ளை விலகவில்லை. பொடிச் சாம்பல் வண்டியின் கண்ணாடியில் சலித்த மாவு போலப் படிந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். காவல்காரப் பெண் முகமூடியை இறுக்கிக்கொண்டு வந்தாள். "காத்து இந்தப் பக்கம் திரும்பிருச்சு. கிளம்புங்க ஐயா, அவங்களுக்கு ஆகாது."

"இன்னும் பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல என்னங்க ஆகிடப் போகுது?"

எவேலியோ ஹன்னியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினான். வண்டியைத் திருப்ப அந்தச் சாலையில் இடம் இல்லை. ஒரு கையை இருக்கையின்மேல் போட்டு, கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி, மெல்ல மெல்லப் பின்னோக்கியே இறக்கினான். வளைவு வந்து மறைக்கும்வரை ஹன்னியாவின் முகம் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது.